வண்டிக்கு எழுதி வெச்ச நெஞ்சு

டேய், சிரிக்கிறதா இருந்தா இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க. நடுவுல சிரிச்சா எங்கயோ ஒரு லாரி முக்கும், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். நீங்க நாலு பேரும் பட்டம் வாங்குனவனுங்க, நான் பாலிடெக்னிக்ல ரெண்டாம் வருசம் பாதியில எந்திரிச்சு வந்தவன். அதனால ஏதாவது புரியலைன்னா கூச்சப்படாம கேளுங்க, மெதுவாச் சொல்லித் தர்றேன்.

நம்ம நாமக்கல்லுல லாரி வாங்குனா ஒரு நெஞ்சு எழுதி வைக்கணும். ஆர்.சி. புத்தகத்துல இன்ஜின் நம்பர், சேஸ் நம்பர், அதுக்குக் கீழ நெஞ்சு. ஓட்டுறவங்களுக்கு ரத்த சொந்தமா இருக்கணும். உயிரோட இருக்கணும். கடல் தாண்டி இருக்கக் கூடாது. அந்த நெஞ்சுல என்ன அழுத்தமோ அதுதான் வண்டியோட டீசல் குழாய்லயும் இருக்கும். நெஞ்சு சீரா இருந்தா டீசல் சீராப் பீச்சும். நெஞ்சு ஏறி எறங்குனா டீசலும் ஏறி எறங்கும், வண்டி குலுங்கும். ரொம்ப எறங்குனா நின்னுரும்.

சீட் கவர் தைக்கிற வையாபுரி மாமாவோட மக கௌசிக்கா, பழைய பத்து சக்கர வண்டி ஒண்ணு வாங்குச்சு. தானே ஓட்டும். அண்ணங்காரன் மஸ்கட்ல இருக்கறதால அவன் நெஞ்சைத் தள்ளிட்டாங்க. அம்மா நெஞ்சு ஏற்கெனவே தோட்டத்து டீசல் மோட்டாருக்கு எழுதியாச்சு. அது நல்லா எறைக்குது, அதைக் கலைக்க முடியாது. மிச்சம் இருந்தது மாமாதான்.

மாமாவைப் பத்தி உங்களுக்குத் தெரியும். பஸ்ஸுல ஏறுனா எறங்குற எடத்துக்கு நாலு ஸ்டாப்பு முன்னாடியே எந்திரிச்சு நிக்கிறவரு. ஊசியில நூலைக் கோத்துட்டு, நெசமாவே கோத்துட்டமான்னு இழுத்துப் பாத்து உருவிருவாரு.

நெஞ்சு பரிசோதனைக்குப் போனா, மார்ல ஒரு கிளிப்பை மாட்டிட்டு அதிகாரி பின்னாடி நின்னு திடீர்னு ஏதாவது சொல்லுவாரு. மாமாகிட்ட, "அடுப்பை அணைக்காம வந்துட்டீங்க"ன்னு சொன்னாரு. மீட்டர் முள்ளு ஆயிரத்தி அறுநூறுலயே நின்னுச்சு. மாமாவுக்கு அன்னிக்குச் சளி புடிச்சு ரெண்டு காதும் அடைச்சிருந்துச்சு. சீல் குத்திக் குடுத்துட்டாங்க.

காது தொறந்ததும் வண்டி குலுங்க ஆரம்பிச்சுது.

"ப்பா, இப்ப என்ன நெனச்சீங்க?" போன்ல கௌசிக்கா.

"ஒண்ணும் நெனைக்கல கண்ணு."

"நெனச்சீங்க. கரூர் பைபாஸ்ல மூணு தடவ முக்குச்சு."

"முன்னால பஸ்ஸு ஏதாச்சும் நிக்குமோன்னு..."

"நின்னா நிக்கட்டும். நீங்க நெனைக்காதீங்க. வைக்கிறேன்."

டொக்குன்னு வெச்சிருச்சு. மாமா தையல் மிசின் மேல கைய வெச்சபடியே உக்காந்திருந்தாரு. நெனைக்கக் கூடாதுன்னு நெனச்சாரு. அப்படி நெனச்சதும் ஒரு நெனப்புதானேன்னு தோணுச்சு. நெஞ்சு படபடன்னு அடிச்சுது. அடிக்கிறது அங்க வண்டியில தெரியுமேன்னு இன்னும் வேகமா அடிச்சுது. அந்த நேரம் கௌசிக்கா வண்டிக்குப் பின்னால வந்தவன், கண்ணாடியை எறக்கி, "யாரு நெஞ்சு, அப்பாவா?"ன்னு கேட்டுட்டு ஒதுங்கிப் போனானாம்.

ஆடி மூணாம் வாரம் புதன்கெழமைக்கு முட்டை லோடு ஒண்ணு வந்துச்சு. மைசூருக்கு. திம்பம் மலை வழியா. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஏத்தத்துல வளைவு திரும்பும்போது இன்ஜின் நின்னா வண்டி பின்னாடி உருளும். பின்னாடி பள்ளம். இதைக் கௌசிக்கா சொல்லல, மாமாவே விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாரு. அவரு விசாரிச்ச அன்னிக்கே வண்டி திருச்செங்கோட்டுல நடுரோட்டுல அஞ்சு நிமிசம் நின்னுச்சு.

மாமா நேரா பம்ப் ரூம் ரத்தினம் அண்ணன்கிட்டப் போனாரு. டீசல் பம்ப் கோளாறு எதுவா இருந்தாலும் அவருதான். மாமாவைப் பெஞ்சுல படுக்க வெச்சு, கிளிப்பை மாட்டி, முள்ளையே அரை நாள் பாத்தாரு. நடுவுல கௌசிக்காவைப் போன் பண்ணச் சொல்லி, பேசச் சொல்லி, வைக்கச் சொன்னாரு. வெச்ச நொடியில முள்ளு ரெண்டாயிரத்துக்குத் துள்ளுச்சு.

"அழுத்தம் பத்தாதது இல்லீங்ணா உங்களுக்கு," ரத்தினம் அண்ணன் கையைத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு. "அலை. தண்ணிக் குழாய படக்குன்னு மூடுனா செவுத்துக்குள்ள டொம்முன்னு ஒரு சத்தம் வருமுங்கல்ல, அதேதான். செய்தி உள்ள வருது, நெஞ்சு மூடுது, செய்தி முட்டிட்டுத் திரும்புது. திரும்புற வழியில அடுத்த செய்தி மேல இடிக்குது."

"மாத்தரை ஏதாச்சும் இருக்குங்களா?"

"மாத்தரை போட்டா தூங்கிருவீங்க. தூங்குனா வண்டியும் தூங்கிரும்."

மாமா எந்திரிச்சு உக்காந்து கிளிப்பைப் புடிச்சுக்கிட்டாரு. "புதன்கெழமைக்குள்ள ஆகுமுங்களா?"

"இப்படிக் கேட்டுட்டே இருந்தா ஆகாதுங்."

ரத்தினம் அண்ணன் வைத்தியத்தை ஒவ்வொண்ணா ஆரம்பிச்சாரு. மொதல்ல எடம். டீசல் நிக்கிற குழாய் பெருசா இருந்தா அலை பரவி அடங்கிரும், அதே மாதிரி மாமாவும் பெரிய எடத்துல இருக்கணும். ஆடி மாசம், கல்யாணம் கெடையாது, மண்டபம் காலி. ஆயிரம் பேர் உக்கார்ற ஹாலுக்கு நடுவுல ஒரு சேரைப் போட்டு மாமாவை உக்கார வெச்சோம். அவரு கவலை செவுத்தத் தொட்டுத் திரும்பி வர நேரமாச்சு. வர்றதுக்குள்ள களைச்சுப் போயிருச்சு.

அப்புறம் போன். கௌசிக்கா டொக்குன்னு வைக்கக் கூடாது, கொஞ்சங்கொஞ்சமா வைக்கணும். "வைக்கட்டுமாப்பா... வைக்கிறேன்ப்பா... வெச்சுட்டே இருக்கேன்ப்பா..."ன்னு கொரலைத் தேய்ச்சுத் தேய்ச்சு வைக்கப் பழகுச்சு. ஒரு போனை வைக்க கால் மணி நேரம் ஆகும். பெரிய செய்திக்கு முன்னால சின்னதா ஒரு செய்தி விடணும்னும் ரத்தினம் அண்ணன் சொன்னாரு. "டயர் வெடிச்சிருச்சு"ன்னு சொல்றதுக்கு முன்னால "பன் தின்னேன்"ன்னு சொல்லணும்.

கடைசியா ஓட்டை. செய்தி நேரா மாமாகிட்டப் போகக் கூடாது. நடுவுல சின்ன ஓட்டை ஒண்ணு இருந்து, அது வழியா ஒழுகித்தான் போகணும். தடவைக்கு மூணு வார்த்தை. அந்த ஓட்டை வேலைக்கு என்னையப் போட்டாங்க.

"இவனையா?" மாமாவுக்கு ஒப்பல. "இவன் வாய் ஓட்டை இல்லீங்க, மதகு."

"மதகுன்னா உள்ள ஒரு புஷ் வளையம் அடிச்சுச் சின்னதாக்கிக்கலாமுங்ணா. ஊமைய நிறுத்துனா அவசரத்துக்கு எங்க போயி பெருசாக்குறது?"

"டேய், மூணு வார்த்தைடா."

"சரிங்க மாமா ஆகட்டும்"ன்னேன்.

ரத்தினம் அண்ணன் விரல் விட்டு எண்ணிப் பாத்துத் தலையாட்டுனாரு.

செவ்வாக்கெழமை சாயங்காலம் முள்ளு ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. கௌசிக்கா ஈரோடு போயிட்டு வந்து, டேஷ்போர்டுல வெச்ச டம்ளர் தண்ணி அலுங்கலைன்னுச்சு. நான் அதை மாமாகிட்டச் சொன்னேன். "தண்ணி." அப்புறம், "டம்ளர் தண்ணி அலுங்கல." மாமா சிரிக்கல. சந்தோசத்துலயும் முள்ளு ஏறுமாம்.

புதன்கெழமை காலையில பத்து மணிக்கு வண்டி பண்ணாரி செக்போஸ்ட்டைத் தாண்டுச்சு. மாமா ஹால் நடுவுல. கிளிப்போட வயரு தரையில ஓடி வாசப்படிகிட்ட மீட்டர்ல சேருது, மீட்டர் முன்னால ரத்தினம் அண்ணன். போனோட நான் கதவோரம். ஃபேன் எல்லாம் அணைச்சாச்சு. மாமாவுக்குத் தன் நெஞ்சு அடிக்கிறது காதுல கேட்டுச்சு. ஒவ்வொரு அடியிலயும் டீசல் பீச்சுறது கேட்டுச்சு. பத்து சக்கரமும் தார் ரோட்டைப் புடிச்சு ஏறுறது மார் எலும்புல தெரிஞ்சுது. சேரோட ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, எதையும் நெனைக்காம, மேல தொங்குற சரவிளக்குல கண்ணாடி மணி எத்தனைன்னு எண்ணிட்டிருந்தாரு.

"பன் தின்னுச்சு," நான்.

மாமா தலையாட்டுனாரு.

"மொத வளைவு தாண்டியாச்சு."

ஆயிரத்தி அறுநூறு.

நாலாவது, அஞ்சாவது, ஏழாவது. எட்டாவது வளைவுல எதுர்ல ஒரு பஸ்ஸு வந்துச்சு, கௌசிக்கா ஒதுங்குச்சு. அதை நான் சொல்லல. ஓட்டையில அது நொழையாது. ஒம்பதாவது வளைவுல கௌசிக்கா, "டேய், இனி டவர் இருக்காது, நீ அப்பாவைப்..."ன்னுச்சு, லைன் போயிருச்சு. கொஞ்சங்கொஞ்சமா எல்லாம் இல்ல. டொக்குன்னு.

போன் என் காதுலதான் இருந்துச்சு. மாமாவுக்குக் கேட்டிருக்காது. ஆனா ஓட்டை அடைச்சா உள்ள இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சுரும்டா. மாமா சரவிளக்கு எண்ணுறதை நிறுத்துனாரு. ரெண்டு நிமிசம் ஆச்சு. செய்தி உள்ள வரலைன்னா நெஞ்சு சொந்தமாச் செய்தி தயார் பண்ணும். பஸ்ஸு ஒண்ணு தயாராச்சு. ஒடைஞ்ச கைப்பிடிச் செவுரு ஒண்ணு தயாராச்சு. உருண்டு போற முட்டை அட்டைங்க தயாராச்சு. மாமா கழுத்து நரம்பு பொடைச்சு எந்திரிச்சுது. முள்ளு ஆயிரத்தி நானூறு, ஆயிரத்தி தொள்ளாயிரம், ஆயிரத்தி முந்நூறு. ஆயிரத்துக்குக் கீழ போனா இன்ஜின் நின்னுரும்.

"ஏன்டா," மாமா மெதுவாக் கேட்டாரு. "எங்கடா இருக்குது எம்புள்ள?"

முள்ளு ஆயிரத்தி எம்பது.

ரத்தினம் அண்ணன் என்னையப் பாத்துக் கையை அசைச்சாரு. விடு, ஏதாவது விடுன்னு.

"பத்தாவது வளைவு தாண்டியாச்சு," நான்.

முள்ளு ஏறி ஆயிரத்தி அறுநூறுல உக்காந்துச்சு.

அதுக்கப்புறம் நானா விட்டேன். நாலு நிமிசத்துக்கு ஒண்ணு. பதினொண்ணு. பன்னெண்டு. "கொரங்கு நெறைய நிக்குது." பதினஞ்சு. "நல்ல காத்து அடிக்குது." மாமா கண்ணை மூடிக்கிட்டாரு. ஒவ்வொரு வளைவும் நான் சொல்லச் சொல்ல அவருக்குள்ள வந்து நின்னுச்சு, போர்டோட, சுண்ணாம்பு அடிச்ச கல்லோட. அவரும் சேர்ல வலது பக்கம் சாஞ்சாரு, எடது பக்கம் சாஞ்சாரு. இருவத்தஞ்சு. இருவத்தாறு. "இருவத்தேழும் தாண்டியாச்சு மாமா"ன்னு முடிச்சேன்.

மாமா கண்ணைத் தொறக்கல. அடுத்ததுக்குக் காதைக் குடுத்துட்டு உக்காந்திருந்தாரு. நாலு நிமிசம் ஆச்சு. முள்ளு மெல்ல எறங்குச்சு. ஆயிரத்தி ஐநூறு. ஆயிரத்தி முந்நூறு. ஆயிரத்தி நூறு.

அதுக்கு மேல நடந்தது ஊருக்கே தெரியும். மத்தியானம் ஒரு மணிக்குக் கௌசிக்கா போன் பண்ணுச்சு. வண்டி குலுங்கவே இல்லையாம், பட்டு மாதிரி ஏறுதாம். "28/27"ன்னு ஒரு வளைவு போர்டு பாத்துச்சாம், பெயின்ட்டு இன்னும் காயலையாம், அதுக்கடுத்து 29/27, இப்ப முப்பத்தி நாலாவது வளைவுல நிக்குதாம், அப்பாவை இப்படியே இருக்கச் சொல்லுன்னுச்சு. சொல்லிட்டுக் கொஞ்சங்கொஞ்சமா வெச்சுது.

ஆவணி பொறந்து மண்டபத்துல கல்யாணம் நடக்க ஆரம்பிச்சிருச்சு. பொண்ணு மாப்பிள்ளை மாமாவைச் சுத்திட்டுத்தான் மேடைக்குப் போறாங்க. நாதஸ்வரக்காரங்க நாலு நிமிசத்துக்கு ஒருக்கா நிறுத்துவாங்க, நான் நம்பரைச் சொல்லுவேன், மறுபடி ஊதுவாங்க. ராத்திரி மாமாவோட வண்டியும் தூங்கிரும், அதைக் கழிச்சு இன்னிக்குக் காலையில ரெண்டாயிரத்தி நூத்தி ஆறு. மேல குளுரு ஜாஸ்தியாம். லோடு முட்டையெல்லாம் பொரிச்சு, கோழியாகி, அதுங்க முட்டை போட்டு, எண்ணிக்கை பில்லுல இருக்கற மாதிரியே சரியா இருக்குதாம்.

போன்ல கேட்டுத்தான் இருவத்தெட்டுன்னு சொன்னதா எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். அப்ப போன்ல ஒண்ணும் கேக்கல. ரத்தினம் அண்ணன் என் கையைப் புடிச்சு, "போதும்டா, மலை முடிஞ்சுது, சமதரைக்கு ஆயிரத்தி நூறே தாங்கும், சும்மா இரு"ன்னு தெளிவாச் சொன்னாரு. எனக்குச் சும்மா இருக்க முடியல. சொன்னது நான்தான்.