கங்காணிக்குச் சோடி இல்லை

"நிக்கிறதுக்குக் கூலியாம். நல்ல பொழப்புடி!" என்று சிரித்தாள் சுருளியம்மாள்.

பாண்டீஸ்வரி கங்காணியான முதல் நாள் அது. நேற்று வரை அவளும் போடியிலிருந்து ஜீப்பில் மலையேறி, ஏலச்செடியடியில் குந்திக் காய் எடுத்தவள்தான். இன்று எல்லாரும் குந்தியிருக்க, அவள் மட்டும் நின்றாள். கையை இடுப்பில் வைத்தாள், எடுத்தாள், பின்னால் கட்டினாள்.

"ஏன் மதினி, உன் வாளி மட்டும் காவாசிகூட ஏறல?" என்று சுருளியம்மாளிடம் கேட்டாள்.

"இத்தன வருசமா யாரு ரொப்புனா? நீதான?"

அது உண்மை. ஒரு செடிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி என்று சோடியாக உட்காருவது வழக்கம். சுருளியம்மாளுக்கு விரல் மடங்காது, வாய் ஓயாது. அவள் ஊர்க்கதை சொல்லச் சொல்ல, பாண்டீஸ்வரி தான் எடுத்த காயை அவள் வாளியிலும் போட்டுக்கொண்டே வருவாள். பார்த்தவர்களும் அது ரெண்டு பேர் சமாச்சாரம் என்று விட்டுவிட்டார்கள்.

பாண்டீஸ்வரி சுற்றிலும் பார்த்தாள். குனிந்து பழுத்த காயாக ஒரு கை பறித்து மதினியின் வாளியில் போட்டாள். இன்னொரு கை.

"அக்கா!" பக்கத்து வரிசையில் வித்யா எழுந்தே விட்டாள். "கங்காணி ஒரு ஆளுக்கு மட்டும் எடுத்துக் குடுக்குமா? எங்க வாளியெல்லாம் என்ன ஓட்டையா?"

"எனக்கும் ஒரு கை போடுக்கா!" என்றது இன்னொரு குரல்.

சத்தம் கேட்டு ஹபீப் ரஹ்மான் இறங்கி வந்தார். தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர். கத்தமாட்டார், பயமே அதுதான்.

"நேத்து வரைக்கும் நீ யாருக்குப் போட்டாலும் நான் கேக்கல பாண்டீஸ்வரி. இன்னிக்கு நீ என் ஆளு. அந்தம்மாவால முடியலைனு இப்பத்தான் எனக்கே தெரியுது. நாளைக்கு வேற ஆள ஏத்திட்டு வந்துரு."

அவர் போனதும் சுருளியம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "யார் கண்ணுலயும் படாம இருந்தேன். கை குடுக்கிறேன்னு காட்டிக் குடுத்துட்டயே."

அதற்குமேல் பாண்டீஸ்வரிக்கு நிலைகொள்ளவில்லை. மேல் வரிசைக்கு ஏறினாள், கீழே இறங்கினாள். கங்காணி வேலை வேண்டாமென்று விட்டால், தேய்ந்த முட்டியோடு இனி நாளெல்லாம் குந்த முடியாது. மதினியை விட்டால், அந்த வீட்டில் உழைக்க வேறு ஆளில்லை. சாப்பாட்டு நேரத்தில் வித்யாவிடம் போய் நின்றாள்.

"நாளைக்கு நீ மதினியோட சோடி சேந்துக்க."

"நான் எதுக்குக்கா? போன்ல பாட்டக் கேட்டுக்கிட்டு வெரசா என் சோலியப் பாக்குறவ நான்."

"அதே பாட்டத்தான மாசக்கணக்கா கேக்குற? மதினி ஒரு கதைய ரெண்டாந்தடவ சொன்னதில்லடி."

"அதுக்கு என் காயத் தூக்கிக் குடுக்கணுமாக்கும்?"

தான் ஏன் கொடுத்தோம் என்று பாண்டீஸ்வரி யோசித்ததே இல்லை.

"குடுக்க வேணாம். பக்கத்துல மட்டும் உக்காரு."

பிறகு ஹபீப் ரஹ்மானிடம் போனாள். "நாளைக்கு அந்தி வரைக்கும் பாருங்க பாய். வாளி குறைஞ்சா நானே நிப்பாட்டிர்றேன்."

"உன் வார்த்தைக்காக ஒரு நாளு" என்றார் அவர்.

மறுநாள் வித்யா காதில் பாட்டை மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். பாண்டீஸ்வரி நாலு செடி போவாள், திரும்பி வருவாள். வெயில் ஏறியபோது வித்யா காதிலிருந்ததைக் கழற்றி இடுப்பில் செருகிவிட்டு, "அப்புறம் அந்த மாப்ள என்னதான் சொன்னாரு அத்த?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே, கையிலிருந்த காயைச் சுருளியம்மாளின் வாளியில் போட்டாள்.

பாண்டீஸ்வரி கிட்டே போனாள். ரெண்டு பேரும் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

"எந்த மாப்ள மதினி?"

"கங்காணிக்கு எதுக்குக் கதை? நீ அங்கிட்டுப் போய்ச் சோலியப் பாரு."

அங்கிட்டுப் போனாள். வித்யா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அடுத்த வரிசையில் நின்று காதைக் கொடுத்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.