பின்வாசல்களுக்குப் போன மொபெட்

1962 ஏப்ரலில், ஹமமாட்சு நகரில், குசகாபே கம்பெனியின் முதல் மொபெட் தன் முதலாளியை ஏற்றிக்கொண்டு நாற்பத்தொரு வீடுகளின் பின்வாசலுக்குத் தானாகவே போய், ஒவ்வொரு கதவின் முன்பும் முன்சக்கரத்தை மடக்கி வணங்கியது. அன்று வெயில் மிதமாக இருந்தது.

கம்பெனியின் பதினைந்தாம் ஆண்டு விழா அது. முதலாளி தொகுஜி புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு அந்தப் பழைய வண்டியில் ஊர்வலமாக மேயரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. சிறுவயது முதலே இயந்திர ஆராய்ச்சியில் மூழ்கியவர் என்று விழா மலரில், அதைத் தயாரித்த கம்பெனி ஆட்களான நாங்கள் போட்டிருந்தோம். உண்மையில், போர் முடிந்த வருடம் அவரும் அண்ணன் கென்சோவும் வீடு வீடாகப் பின்வாசல் வழியே போய் எடுப்புக் கக்கூஸ்களைக் காலி செய்து, வாளிகளை வயல்களுக்கு இழுத்துப் போய், பதிலுக்கு முள்ளங்கி வாங்கித் தின்றவர்கள். இழுத்து இழுத்துக் கென்சோவின் முதுகு போனபிறகுதான் தொகுஜி, ராணுவம் கழித்துப்போட்ட சின்ன எஞ்சின் ஒன்றைச் சைக்கிளில் மாட்டினார். அந்த முதல் வண்டியின் புகைப்படமும் மலரில் இருந்தது. ஹேண்டிலைப் பிடித்து நின்ற கென்சோவைப் படத்திலிருந்து கத்தரித்தது இதை எழுதுகிறவன்தான். முதலாளி சொன்னார், வெட்டினேன். இன்றும் கூசுகிறது.

பின்கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. "தொகுஜியா? இன்னைக்கு முறை இல்லையேப்பா," என்றாள் டோஃபு கடைக்காரி, பழக்க தோஷத்தில். பிறகு எல்லாக் கதவிலும் ஒரே கேள்விதான், அண்ணன் வரவில்லையா என்று. சளி என்றார் தொகுஜி, வெளியூர் என்றார். இருபதாவது வீட்டோடு பொய் தீர்ந்துபோய், வண்டியோடு சேர்ந்து அவரும் தலையைக் குனிந்துகொண்டார். பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

நாற்பத்திரண்டாவது, கென்சோவின் வீடு. அங்கே மொபெட் வணங்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு நின்றது. கென்சோ கழுத்தில் துண்டோடு வெளியே வந்தார்.

"முன்வாசல் அந்தப் பக்கம்டா, முதலாளி."

தொகுஜி மண்ணில் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தார். "நான்தாண்ணே வெட்டச் சொன்னேன்."

"பார்த்தேன். ஹேண்டில்ல என் கை மட்டும் மிச்சம் இருக்கு. அதையும் எடுத்திருக்கலாம்." துண்டை உதறிக்கொண்டு, "எழுந்திரு, மண்ணு ஈரம்," என்று சொல்லிவிட்டுக் கென்சோ உள்ளே போய்விட்டார்.

எட்டுப் பேர் தள்ளியும் வண்டி நகரவில்லை. இன்றுவரை அங்கேதான் நிற்கிறது. கென்சோ அதில் காலுறை காயப்போடுகிறார். தொகுஜி ஞாயிறுதோறும் சந்து வழியாக வந்து அதைத் துடைத்து எண்ணெய் போடுகிறார். உள்ளே வா என்று இன்னும் யாரும் கூப்பிடவில்லை.