பதினையாயிரம் ஆடுகளும் ஒரு விண்ணப்பமும்

ஒரு தேசம் இனிச் சண்டையே பிடிக்காது என்று சத்தியம் செய்ய விலை பதினையாயிரம் ஆடுகள். மொத்தச் செலவு முப்பதாயிரம் டொலரைத் தாண்டக்கூடாதென்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். தலைக்கு இரண்டு டொலர். 1868இல் நவஹோ என்ற பூர்வகுடி மக்களோடு அமெரிக்கா முடித்த வியாபாரம். புடவைக்கடையில் வளர்ந்த எனக்கு, எழுதியவன் சந்தை தெரிந்தவன் என்று கேட்டதுமே விளங்கிவிட்டது.

சொன்னவர் ஹோல்கர் மாஸ்டர், 1988 ஒக்டோபரில், டென்மார்க்கின் ஹேர்னிங் நகரப் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில். அகதிகளுக்கு உதவும் சங்கத்தின் தலைவர். அரிசோனாவில் மூன்று வாரம் நின்றுவிட்டு, கழுத்தில் நீலக்கல் மாலையோடு படம் காட்டினார். முன்வரிசைக்குச் சங்கத்துக்கு எங்களைப்போல இரண்டு அகதிகள் தேவைப்பட்டார்கள். டேனிஷ் விளங்காததால் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிவந்த அந்தோனிதாசன் அண்ணைக்கு ஒரு கையெழுத்துத் தேவைப்பட்டது. மனைவி யசிந்தாவையும் மகளையும் கூப்பிட அவர் போட்ட விண்ணப்பம் பதினான்கு மாதமாகக் கோப்பன்ஹேகனில் கிடந்தது. தலைவர் எழுதினால் அசையும் என்று நம்பியிருந்தார்.

"என்னவாம் தம்பி?"

"அமெரிக்க ஆமி சனத்தை நடத்திக் கொண்டுபோய் நாலு வருசம் வெட்டையில அடைச்சு வைச்சவங்களாம் அண்ணை. வேற இடம் தாறம் எண்டிருக்கிறாங்கள். எங்கட நிலம்தான் வேணும் எண்டு தலைவர்மார் ஒரேபிடியா நிண்டு, கையெழுத்துக்குப் பதிலாப் புள்ளடி போட்டு ஊருக்குத் திரும்பினவையாம்."

"நாலு வருசமோ. அப்ப எனக்கு இன்னும் கிடக்கு."

பிறகு நவஹோ சபை, நவஹோ நீதிமன்றம், சொந்தக்காரரை வட்டமாக இருத்திச் சமாதானம் வரும்வரை பேசவைக்கும் வழக்கம் எல்லாம் வந்தன. மாஸ்டரின் குரல் தழுதழுத்தது. "தன் எழுத்தைக் காப்பாற்றாத அரசு அரசே அல்ல" என்றார். பலத்த கைதட்டல்.

கோப்பி நேரத்தில் அண்ணை தட்டச்சு செய்த கடிதத்தை நீட்டினார். மாஸ்டர் வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தோனி, இது சட்டத்தின் நாடு. அதிகாரிகளை நிம்மதியாக வேலைசெய்ய விடவேண்டும். அதோடு வருகிற வருடம் நான் நகரசபைக்குப் போட்டியிடுகிறேன்."

கடையிலும் இப்படி வருவார்கள். பத்துச் சேலை விரித்துப் பார்த்து, நெசவைப் புகழ்ந்து, கண்கூடக் கலங்கி, வெறுங்கையோடு போவார்கள். அப்பா அவர்களுக்குத் தேத்தண்ணி சொல்வதில்லை.

"என்னவாம்?"

"நீங்கள் ஒருக்கா அரிசோனாவில பிறந்துபோட்டு வரட்டாம்."

அண்ணை சிரிக்கவில்லை. கடிதத்தைக் கோப்பிப் போத்தலுக்குப் பக்கத்தில் விரித்து, பேனையை மேலே வைத்து, காவலுக்கு நின்றார். "கோப்பி வேணுமெண்டா இதால தானே வரவேணும். பேர் எழுதப் பயமெண்டா புள்ளடியும் காணும் எண்டு சொல்லு."

சொன்னேன். சற்றுமுன் கைதட்டிய கைகள் சட்டைப்பைக்குள் போயின. ஒருவர் "மிகவும் சுவாரசியம்" என்றார். ஒரு அம்மா கோப்பியே வேண்டாமென்று தண்ணீர் குடித்தார். மாஸ்டர் படக்கருவியின் வயரை நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணையோடு தையல் தொழிற்சாலையில் வேலைசெய்யும் இரண்டு பெண்களும், பள்ளிக்கூடக் காவலாளியும், ஒரு கிழத் தபால்காரரும் பேர் எழுதினார்கள்.

கடிதம் மறுநாளே போனது. அன்றைய கணக்கு இது: வந்தவர்கள் நாற்பத்திரண்டு. கண்ணீர் விட்டவர்கள் ஆறு. கேக் மிச்சமில்லை. கையெழுத்து நான்கு. முத்திரைச் செலவு அண்ணையுடையது. வரவேண்டிய பதில் ஒன்று. வரவேண்டிய ஆட்கள் இரண்டு.