நானூறு இறாத்தல் இழுவை

எஞ்சினை முதன்முதல் முழுவேகத்தில் ஓட்டிப் பார்த்த அன்று, மசூர் சொந்தமாக உருவாக்கிய விமானத்தின் வாலைத் தென்னைமரத்தில் கட்டியிருந்தார்கள். கரைவலை இழுக்கிற பெருங்கயிறு. கயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவில், அரிசி ஆலையில் மூட்டை நிறுக்கிற வில்தராசு ஒன்றைப் படுக்கைவாக்கில் மாட்டியிருந்தார்கள். விமானம் எவ்வளவு பலமாக முன்னுக்கு இழுக்கிறது என்பதை அதன் முள் இறாத்தல் கணக்கில் காட்டும்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்திரண்டாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். மருதமுனைக் கடற்கரையை ஒட்டிய மசூரின் வீட்டு வளவு. மசூருக்கு நாற்பது வயது. ஆறு வருடம் குவைத்தில் ஒரு கராஜில் வேலை செய்துவிட்டு எண்பதாம் ஆண்டு திரும்பி வந்தவன். மற்றவர்கள் டீவியும் கசெட் ரேடியோவும் கொண்டுவர, அவன் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். உள்ளே, விபத்தில் நொறுங்கிய யப்பான் கார் ஒன்றின் ரோட்டரி எஞ்சின். மேலும் கீழும் போய்வருகிற பிஸ்டன் அதில் இல்லை. முக்கோணமான இரும்புத் துண்டுகள் இரண்டு உள்ளே சுழன்றுகொண்டிருக்கும். சின்ன எஞ்சின். பாரமும் குறைவு, அதிர்வும் குறைவு.

ஓட்டுகிறவரின் இருக்கையில் இருந்தவள் மசூரின் மனைவி ஸுல்பிகா. சத்தத்தில் பிசகு இருக்கிறதா என்று மசூர் வெளியில் நின்று கேட்கவேண்டும். அதனால் உள்ளே இருந்து வெப்பம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கவும், அது சிவப்புக் கோட்டைத் தொட்டால் எஞ்சினை நிறுத்தவும் ஒரு நிதானமான ஆள் வேண்டும். ஸுல்பிகாவை விட நிதானமான ஆளை மசூர் கண்டதில்லை. ஊர்த் தறியில் நெய்த வெள்ளைத் துணியை வாங்கி, இறக்கைகளுக்கு நெருக்கமாகத் தைத்துப் போர்த்தியதும் அவள்தான்.

தராசடியில் குந்தியிருந்தவன் முனாப், ஸுல்பிகாவின் தம்பி. தோணி கட்டுகிற தச்சன். விமானத்தின் மரவேலை முழுவதும் அவனுடையது. முன்னால் சுழலும் மர விசிறியை மட்டும் மூன்று மாதம் செதுக்கினான். இரண்டு வருடமாகத் தன் தொழிலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு இங்கேயே கிடந்தான். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "மச்சானுக்குச் செய்யாம வேற ஆருக்குச் செய்யிற?" என்பான்.

மசூர் கையைத் தூக்கினான். ஸுல்பிகா பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இரண்டு தரம் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. காகங்கள் எழும்பிப் பறந்தன. விசிறியின் காற்றில் மணல் பின்னால் பறந்து வேலியில் அடித்தது. கயிறு விறைத்தது. மசூர் கையை உயர்த்த உயர்த்த அவள் வேகத்தைக் கூட்டினாள். நாலாவது நிமிடம் எஞ்சின் சட்டென்று நின்றது.

"இன்னும் ஒரு நிமிசம் விட்டிருக்கலாமே," என்றான் மசூர்.

"கோட்டத் தொட்டா நிப்பாட்டச் சொன்னீங்க. தொட்டிச்சு. நிப்பாட்டினன்."

மசூர் ரேடியேட்டரில் கையை வைத்துவிட்டு உடனே எடுத்தான். அவள் செய்ததுதான் சரி. எஞ்சினுக்குள் அழுத்தம் கசியாமல் அடைக்கும் துண்டுகள் சூட்டில் தேய்ந்தால் மாற்ற இந்த நாட்டில் சாமான் கிடையாது. அடுத்த ஒரு கிழமை ரேடியேட்டரைக் கழற்றி இடம் மாற்றினான். பழைய உழவு மிசின் ஒன்றின் ரேடியேட்டரை வெட்டி அதோடு சேர்த்தான். காற்று நேரே அதில் போய் விழத் தகரத்தில் ஒரு வாய் செய்தான்.

விமானத்தில் ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஆறடி நீளத்துக்கு வெறுமையாக ஓர் இடம் இருந்தது. அது எதற்கு என்று ஊரில் பலரும் கேட்டார்கள். மசூர் பதில் சொன்னதில்லை. ஸுல்பிகாவிடம் மட்டும் ஒருநாள், "ஆறடிக்கு ஒரு மெத்தை தைக்கணும். பாரம் இல்லாம," என்றான். அவள் எதுவும் கேட்காமல் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பரில் சூறாவளி அடித்தபோது மசூர் குவைத்தில் இருந்தான். அவர்களுடைய ஒரே பிள்ளை நபீலாவுக்கு அப்போது ஆறு வயது. மூன்று கிழமை கழித்து முனாப் எழுதிய கடிதம் வந்தது. சுவர் விழுந்து பிள்ளைக்குப் பலத்த காயம். இரண்டு நாள் உயிரோடு இருந்தாள். மரங்கள் விழுந்து றோட்டெல்லாம் மூடிக் கிடந்தது. கட்டிலில் வைத்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம், பாதி வழியில் மௌத்தாகிவிட்டாள். இவ்வளவுதான் கடிதம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு மசூர் அந்த நாட்களைப் பற்றி ஸுல்பிகாவிடம் கேட்கவில்லை. கேட்டால் அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தான். அவளும் தானாக எதையும் சொல்லவில்லை. வீட்டில் நபீலாவின் பெயரைச் சொல்வதே நின்றுபோனது. மசூர் விமானத்தின் சட்டத்துக்கு இரும்புக் குழாய்களை ஒட்டத் தொடங்கினான்.

இரண்டாவது சோதனை அன்று வேலிக்கு வெளியே நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். இந்தத் தடவை எஞ்சின் பத்து நிமிடம் முழுவேகத்தில் ஓடியது. வெப்ப முள் கோட்டுக்குக் கீழேயே நின்றது. சத்தத்தில் ஒரு பிசகும் இல்லை. ஸுல்பிகா வேகத்தைக் குறைத்து நிறுத்தியதும் வேலிக்கு வெளியே நின்றவர்கள் கைதட்டினார்கள்.

மசூர் முனாப்பிடம் போனான். "எவ்வளவு?"

"இருநூத்தித் தொண்ணூறு, மச்சான். அதுக்கு மேல ஏறல்ல."

மசூர் வேலியடிக்குப் போய், சனங்களிடம் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினான். பிறகு திரும்பி வந்து இறக்கையின் நிழலில் இருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நானூறு வேணும்," என்றான். "இருநூத்தித் தொண்ணூறு இறாத்தல் ஒரு ஆளத் தூக்கும். ரெண்டாவது ஆளத் தூக்காது."

"ஒரு ஆள் ஏறுறதே பெரிய காரியந்தானே," என்றாள் ஸுல்பிகா. அவள் இன்னும் இருக்கையை விட்டு இறங்கவில்லை.

"நான் தனியப் பறந்து காட்டவா இதக் கட்டின? எஞ்சினுக்கு இன்னும் வேகம் இருக்கு. பெல்ட் ஓடுற சில்ல மாத்தினா விசிறி இன்னும் கெதியாச் சுத்தும்."

"விசிறி தாங்காது மச்சான்," என்றான் முனாப். "இந்த வேகத்துக்கு எண்டுதான் செதுக்கின. மேல வெச்சுப் பிளந்திச்செண்டா ஒண்டும் மிஞ்சாது."

"பிளந்தாப் பிளக்கட்டும்." மசூரின் குரல் மெதுவாகத்தான் இருந்தது. "அண்டைக்கு இப்பிடி ஒண்டு இருந்திருந்தாக் காணும். மட்டக்களப்புக்கு இருவது நிமிசம். ரெண்டு நாள் அவள் உயிரோட கிடந்தாளே. ரெண்டு நாள்."

ஸுல்பிகா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த ரெண்டு நாள்?"

மசூர் அவளுக்குப் பின்னால் கிடந்த மெத்தையைப் பார்த்தான்.

"நபீலாவையா சொல்றீங்க? அவள் அண்டைக்கே போயிட்டாளே. எண்ட மடியிலதான் கிடந்தாள். விடியச் சுபஹு பாங்குக்கு முந்தியே உடம்பு குளிர்ந்திட்டு. ரெண்டு நாள் எண்டு உங்களுக்கு ஆரு சொன்ன?"

மசூர் மெல்லத் திரும்பி முனாப்பைப் பார்த்தான். முனாப் தராசின் கொளுக்கியைப் பிடித்தபடியே இருந்தான்.

"நான்தான் எழுதின," என்றான்.

 முனாப் தன் ராத்தா ஸுல்பிகாவைப் பாராமல் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். "காத்து தொடங்கக்குள்ள ராத்தா ஆள் அனுப்பின. புள்ளையையும் அவவையும் பள்ளிக்கூடத்துக் கல்லுக் கட்டிடத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி. தோணிய மேல இழுத்துக் கட்டிட்டு வாறன் எண்டு சொல்லியனுப்பினன். நான் வரக்குள்ள சுவர் விழுந்திட்டு. அத உங்களுக்கு எழுதக் கை வரல்ல. றோட்டு மூடிக் கிடந்தது உண்மை. மத்ததெல்லாம் நான் சேத்தது."

"ரெண்டு வருசம் எனக்குப் பக்கத்தில நிண்டு மரம் செதுக்கினாய்."

"ஓம்."

"ஒரு நாளாவது சொல்லணும் எண்டு தோணல்லையா?"

"ஒவ்வொரு நாளும் தோணின மச்சான்."

மசூர் எழும்பிப் போய்த் தென்னைமரத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்ததால் நேரம் எடுத்தது. முனாப் உதவிக்கு வரவில்லை. கயிறு கழன்றதும் மசூர் அதைச் சுருட்டி வைத்துவிட்டு, கடலைப் பார்க்க நடந்து போனான். முனாப் தன் உளிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் மசூர் வீட்டுக்கு வந்தான். ஸுல்பிகா தேத்தண்ணி வைத்தாள். அவன் கோப்பையைத் தொடாமல், "எனக்கு அந்த ராவச் சொல்லு," என்றான்.

அவள் சொன்னாள். சூறாவளியின் சத்தத்தை, ஓடுகள் பறந்ததை, பிள்ளையைத் தன் சீலைக்குள் இழுத்துக்கொண்டு கதவடியில் இருந்ததை, வடக்குச் சுவர் சரிந்ததை. நபீலாவுக்குத் தலையில்தான் பட்டது. அழவில்லை. ஒரு தரம் 'உம்மா' என்றாள், அவ்வளவுதான். எந்த ஆஸ்பத்திரியும் காப்பாற்றியிருக்காது. மறுநாள் வெயில் வந்தபோது அக்கம்பக்கத்து ஆண்கள் விழுந்த தென்னைகளைத் தாண்டி பிள்ளையின் மையத்தைக் கொண்டுபோய் அடக்கினார்கள். மையத்தை வைத்த சந்தூக்கை முன்னால் சுமந்தவன் முனாப்.

"அவன் லேட்டாத்தான் வந்த எண்டு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். எல்லாரும் அண்டைக்குத் தோணியத்தான் முதல் பாத்தாங்க. அப்பிடி அடிக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்? நான் அவனில குத்தம் வைக்கல்ல. ஆனா இப்பிடி எழுதினது தெரியா. தெரிஞ்சிருந்தா உங்களை இந்த ரெண்டு வருசமும் இப்பிடி உழல விட்டிருக்க மாட்டன்."

மசூர் அப்போதுதான் அழுதான். நாலு வருடத்துக்கு முந்தி குவைத்தில் கடிதம் வந்த அன்றும் அவன் அழவில்லை. ஸுல்பிகா அவனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். இருவரும் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை அப்படியே இருந்தார்கள்.

ஆறு நாள் விமானம் வளவில் சும்மா நின்றது. ஸுல்பிகா அதற்கு மேல் தென்னோலை போட்டாள். ஏழாம் நாள் காலையில் மசூர் முனாப்பின் பட்டறைக்குப் போனான். முனாப் ஒரு தோணியின் அடிப்பலகைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். மச்சானைக் கண்டதும் எழும்பி நின்றான்.

"அண்டைக்கு இழுத்துக் கட்டின தோணி என்ன ஆச்சு?" என்று கேட்டான் மசூர்.

"அதையும் கடல் கொண்டுபோயிட்டு."

மசூர் பூசிய தாரைப் பார்த்துக்கொண்டு நின்றான். முனாப் தூரிகையைக் கீழே வைத்தான். 

"நாளைக்கு வெள்ளென றோட்டில ஓட்டிப் பாக்கப் போறன்," என்றான் மசூர். "சில்ல மாத்தல்ல. அதே வேகந்தான். இடது செட்டையப் பிடிச்சுக்கொண்டு வர ஆள் வேணும்."

"வாறன்," என்றான் முனாப்.

வயல்களுக்கு நடுவே சொறிக்கல்முனைப் பக்கம் போகிற கிறவல் றோட்டு ஒன்று கால் மைலுக்கு நேராக ஓடியது. சிறுபோக அறுவடை முடிந்து இரு பக்கமும் அரிந்த தாள்கட்டை மட்டும் நின்றது. விடிந்ததும் மூன்று பேரும் விமானத்தை அங்கே கொண்டுபோனார்கள். மசூர் மோட்டார் சைக்கிள் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஏறினான். பின்னால் இருந்த மெத்தையை ஸுல்பிகா எடுத்து மடித்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

முதலில் நடைவேகத்தில் போய்த் திரும்பினான். முனாப் இறக்கை நுனியைப் பிடித்தபடி கூடவே ஓடினான். இரண்டாம் தரம் இன்னும் வேகமாக. மூன்றாம் தரம் மசூர் தலையசைத்ததும் முனாப் கையை விட்டான். விமானம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடியது. வால் எழும்பியது. பிறகு சக்கரங்களுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. ஒரு முழம் இருக்கும், அதற்கு மேல் இல்லை. ஸுல்பிகா மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினாள். ஐந்து எண்ணுவதற்குள் அவன் வேகத்தைக் குறைத்துத் திரும்பத் தரையில் வைத்துவிட்டான்.

அந்த விமானம் அதற்கு மேல் ஒருநாளும் எழும்பவில்லை. அனுமதி கேட்டுக் கொழும்புக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அடுத்த வருடம் நாட்டில் கலவரம் வந்தது. ஆகாயத்தில் எது பறந்தாலும் சந்தேகம் வருகிற காலமாகிவிட்டது என்று மசூரும் முனாப்பும் சேர்ந்தே அதைக் கழற்றினார்கள். அன்று காலையில் அதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, மூவரும் விமானத்தைத் தள்ளிக்கொண்டு திரும்பினார்கள். வரம்பில் மாடு சாய்த்துக்கொண்டு போனவர்கள் நின்று பார்த்தார்கள். மசூர் இடது பக்கம் தள்ளினான். முனாப் அவனுக்குப் பக்கத்தில். கொஞ்சத் தூரம் வந்தபின் மசூர் கேட்டான்.

"நபீலா அந்த வருசம் எழுதப் பழகிட்டாளா?"

 முனாப்தான் சொன்னான்.

"பேர் எழுதுவாள் மச்சான். எண்ட தோணிப் பலகையெல்லாம் கரியால எழுதி வெச்சிருந்தாள். 'ந'வத் திருப்பிப் போடுவாள்."

"அது மட்டுமா," என்றாள் ஸுல்பிகா. "உங்களுக்குக் கடிதம் எழுதணும் எண்டு தாள் கேட்டு ஒரு நாளும் என்னை நிம்மதியா விட்டதில்ல."

"என்ன எழுதச் சொல்லிக் கேட்டாள்?"

அவள் சொல்லத் தொடங்கினாள். வளவு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.