பதினேழு பேர் வட்டம்

அடுத்தடுத்த அணுக்கள் எதிரெதிர்த் திசை பார்க்கும் காந்தப் பாடம் மூன்று நாளாக ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. கடுப்பில் திண்டிவனம் கல்லூரி மைதானத்துக்கே வகுப்பை இழுத்துவந்தேன்.

“வட்டமா நில்லுங்க. நீங்கதான் அணுக்கள். பக்கத்து ஆள் உள்ளே பார்த்தா நீங்க வெளியே பார்க்கணும்.”

வந்திருந்தது பதினேழு பேர். ஒற்றைப்படை என்றால் எங்காவது ஒரு ஜோடி இடிக்கும் என்பதை நான் யோசிக்கவேயில்லை. ஜெனித்தும் லூசியாவும் ஒரே பக்கம் பார்த்து நின்றார்கள்.

“லூசியா, நீ திரும்பு!”

அவள் திரும்பியதும் அடுத்தவளோடு ஒரே பக்கமாகி முட்டிக்கொண்டது. அடுத்தவள் திரும்பினாள், சண்டை அதற்கடுத்தவளிடம் போனது. யாரும் இடத்தைவிட்டு நகரவில்லை, சண்டை மட்டும் வட்டத்தைச் சுற்றியது. மூன்று நாளாக நான் கத்தியது இதைத்தான்!

காணை கிராமத்தில் பஸ்ஸைத் தவறவிட்ட வல்லரசு அப்போதுதான் ஓடிவந்தான். “நான் எங்க நிக்கணும் மிஸ்?”

பதினேழு பேரும் கத்தினார்கள்: “வராதடா, பதினெட்டாயிட்டா ஆட்டமே நின்னுபூடும்!”