சந்தனம் மறைத்த எண்

இரண்டரை மணிக்குக் கம்ப்யூட்டர் மெக்கானிக் ஸ்டான்லி செம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினான். தோள் பையில் புது பிராசஸர். கையில் மடித்த பிரிண்ட் அவுட்.

மூன்றரைக்கு மதுரையிலிருந்து தேர்வு அதிகாரி வருகிறார். அதற்குள் தமிழ்மதியின் கம்ப்யூட்டர் சென்டரில் உள்ள சர்வர், ஆயிரம் மெகா ஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியாக வேண்டும். இல்லையென்றால் தேர்வு மைய அனுமதி கிடையாது. போன வருடமும் கிடைக்கவில்லை. பாதிப் பிள்ளைகள் திண்டுக்கல்லுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இந்த முறையும் போனால் சென்டரைப் பூட்ட வேண்டியதுதான்.

"டீ சொல்லவாப்பா?" என்றாள் தமிழ்மதி.

"அப்பறம்க்கா. சர்வர் எது?"

சுவரோரம் இருந்த பெட்டியைக் காட்டினாள். ஸ்டான்லி திருகுகளைக் கழற்றி மூடியை இழுத்தான். அப்படியே நின்றான்.

மதர்போர்டின் மூலையில், மாடல் எண் இருக்க வேண்டிய இடத்தில், காய்ந்து இறுகிய சந்தனம். அதன் நடுவே குங்குமம்.

"என்னக்கா இது?"

"ஆயுத பூஜைக்கு வச்சது. மூடிக்கு மட்டும் வச்சாப் போதுமா? வேலை செய்யிறது உள்ள இருக்கிறதுதானே."

"தேங்காய உள்ள ஒடைக்காம விட்டீங்களே, அம்புட்டுக்குச் சந்தோஷம்."

சிரித்தவன் சட்டென்று நிமிர்ந்தான். "நேத்து போன்ல மாடலைச் சொல்லி, கீழ ரெண்டு புள்ளி ஒண்ணுன்னு போட்டிருக்குன்னீங்களே. இதுல எப்பிடிப் படிச்சீங்க?"

"இருப்பா, தொடைக்க ஏதாவது வாங்கிட்டு வாரேன்" என்று தமிழ்மதி படியிறங்கினாள்.

கீழே மெடிக்கலில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வந்தாள். ஸ்டான்லி பஞ்சை நனைத்து ஒற்றினான். சுரண்ட முடியாது. மயிரிழைக் கம்பிகள் ஓடும் பலகை. ஒன்று அறுந்தாலும் போர்டு செத்துவிடும். மஞ்சள் கரைந்து கரைந்து வந்தது. மணி மூன்று. முதலில் ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு.

1.1.

ஸ்டான்லி பிரிண்ட் அவுட்டைப் பிரித்தான். போர்டு தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் எடுத்த பட்டியல். ஒரே மாடல்தான். ஆனால் அதில் 2.1 பதிப்பு முதல்தான் இந்த பிராசஸர் ஓடும்.

"சும்மா வச்சுப் பாருப்பா. ஓட்டை எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"உக்காரும்க்கா. ஆனா ஓடாது. இந்த பிராசஸருக்கு வேற வோல்டேஜ். தப்பாப் போச்சுன்னா ரெண்டும் கருகிரும்."

"இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு. கருகினாலும் பரவாயில்ல, வையி."

"வைக்க மாட்டேன்." அவன் குரல் உயர்ந்தது. "மொதல்ல சொல்லுங்க. நேத்து எந்தப் பெட்டியப் பாத்துப் படிச்சீங்க?"

அவள் கை மெல்ல உயர்ந்து கடைசி மேசையைக் காட்டியது. "இதுல எழுத்தே தெரியல. எல்லாம் ஒரே கடையில வாங்குனதுதானேன்னு அதத் தெறந்து படிச்சேன். அது தை மாசம் வந்துச்சு. இன்னும் பூஜை பாக்கல."

ஸ்டான்லி அவளை முறைத்தான். அடுத்த நொடியே அந்த மேசைக்குப் பாய்ந்தான். மூடியைக் கழற்றினான். பொட்டு இல்லாத பச்சை போர்டு. 2.1.

"இதுதான்க்கா இனிமே சர்வர்! அது பழைய பிராசஸரோட பிள்ளைங்களுக்கு இருக்கட்டும். ரெண்டு ஹார்டு டிஸ்க்கையும் மாத்தணும், பிடிங்க."

அவள் டார்ச் அடித்தாள். அவன் ஹார்டு டிஸ்க்குகளை இடம் மாற்றினான். பிராசஸரைத் தூக்கி மூலை பார்த்து இறக்கினான். ஃபேனின் கொக்கி மாட்ட மறுத்து விரலைக் கிழித்தது. வாசலில் ஜீப் நின்ற சத்தம் கேட்டது. படியில் செருப்புச் சத்தம்.

"போடவா?" என்றாள்.

"போடுங்க."

ஃபேன் சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது. அதிகாரி வாசலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"பீப்."

திரையின் மேல் மூலையில் எழுத்துகள் ஓடி, ஆயிரம் என்ற எண்ணில் நின்றன.

"சர்வர் இதுவாம்மா?" அதிகாரி குனிந்து பார்த்தார். ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்தவர், பெட்டிக்குள் தெரிந்த வயர்களைப் பார்த்து நிறுத்தினார்.

"வேகம் சரி. பிள்ளைங்க கை வைக்கிற எடம். மூடியப் போடுங்க, கையெழுத்துப் போடுறேன்."

ஸ்டான்லி தரையில் மண்டியிட்டுத் திருகுகளைத் தேடத் தொடங்கினான்.