வலது பெட்டி மட்டும் பேசும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து வந்தது. என் மனைவி அதைக் காலி செய்தபோது பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று கிடைத்தது. தூசியோடு என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒண்ணு இதைத் தூக்கிப் போடுங்க, இல்ல இதை வச்சு ஒரு கதை எழுதுங்க. எதுவானாலும் சாயங்காலத்துக்குள்ள மேசை காலியாகணும்."

தூக்கிப் போடுவதைவிட எழுதுவது சுலபம் என்று நம்பும் ஆசாமி நான். உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்:

'ஒரு காலத்தில் இந்த வீட்டைப் பாட்டால் நிறைத்த இரு கறுப்புப் பெட்டிகள், இன்று ஊமையாகித் தூசி படிந்து —'

வேண்டாம். இந்த வாக்கியத்தை நானே எத்தனையோ பத்திரிகைகளில் படித்துக் கொட்டாவி விட்டிருக்கிறேன். அதோடு இது பொய். வலது பெட்டி நன்றாகவே பேசும். சத்தம் கூட்டும் திருகைத் திருப்பும்போது கொஞ்சம் கரகரக்கும், பாதியைத் தாண்டிவிட்டால் சமர்த்தாகிவிடும். இடதுதான் பேசாது. அதற்குச் சத்தம் வலதிலிருந்து ஒரு முழ வயரில்தான் போக வேண்டும். அந்த வயரை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

இரண்டாவது தொடக்கம்:

'பிரியாத ஜோடியில் ஒன்று முந்திக்கொண்டுவிட, மற்றது மட்டும் —'

"யாரைச் சொல்றீங்க?" என்றாள் மனைவி, என் தோளுக்குப் பின்னாலிருந்து.

அதையும் அடித்துவிட்டேன்.

2

ஆள் இல்லாமல் கதை நகராது. யாரைக் கொண்டுவரலாம் என்று நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளே வந்தாள். (நான் வரவழைக்கவில்லை. என் கதைகளில் நான் கூப்பிட்டு யாரும் வந்ததில்லை.)

அக்கா தையல் வகுப்பு நடத்துகிறாள். ஒரு நீள ஹால், இரண்டு வரிசையில் எட்டு மோட்டார் மெஷின்கள், முன்னால் துணி வெட்டும் மேசை. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் குடும்பம் நடத்துகிற பெண்கள். சமீபத்தில் அக்காவின் கழுத்திலிருந்து ஒரு கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. இப்போது அவள் பேசினால் காற்றுதான் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் புரியும். எட்டு மெஷின் ஓடினால் அவள் பேசுவது அவளுக்கே கேட்காது. டாக்டரைக் கேட்டால், "வரலாம், வராமலும் போகலாம்" என்கிறார்.*

* சும்மா சொல்லக் கூடாது, நல்ல டாக்டர். ஆனால் இப்படி ஒரு பதிலை நான் கதையில் எழுதினால் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஹாலும் மெஷின்களும் ஓனரம்மாவுடையவை. அவரை வில்லியாக எழுத இரண்டு தடவை முயன்றேன், முடியவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

"டீச்சர், உங்க வேலைல யாரு குறை சொல்ல முடியும்? ஆனா பின்வரிசைல ஒருத்தி ஊசிக்குக் கீழ விரலை விட்டுட்டான்னு வைங்க, நீங்க போடுற சத்தம் அவளுக்குக் கேட்கணுமில்ல? வெள்ளிக்கிழமை நானே வந்து பின்னாடி உட்கார்றேன். கேட்டுச்சுன்னா நீங்களே நடத்துங்க. கேட்கலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன். கோவிச்சுக்காதீங்க."

வகுப்பு போனால் அக்கா வீட்டு மூலையில் உட்கார்ந்து ஊரார் சட்டைக்குப் பொத்தான் தைக்க வேண்டியதுதான். கற்றுக்கொடுப்பது என்றால் அக்காவுக்கு உயிர்.

3

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எழுதுகிறவனின் புத்தி அல்ப புத்தி. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் என் கை பரபரத்தது. குரல் போன அக்கா, சத்தம் போன ஸ்பீக்கர்! எழுதியே விட்டேன்:

'பேச முடியாத அவளும் பேச முடியாத அந்தப் பெட்டியும் ஒருவரையொருவர் வெறித்துப் பார்த்தபடி —'

அக்கா தாளைப் பிடுங்கிப் படித்தாள்.

"என்னடா இது?"

"உவமைக்கா."

"நான் என்ன ஓட்டை ஸ்பீக்கரா?" காற்றுக் குரல்தான், ஆனால் கோபம் முழுசாக வந்தது. "என்னையும் இந்த டப்பாவையும் ஒண்ணா நிறுத்தி எழுதினே, தொலைச்சுடுவேன் உன்னை. அழுற மாதிரியும் எழுதாதே. நான் எங்க அழுதேன்?"

உண்மையில் எனக்கே இந்தப் பாத்திரத்தின்மேல் சந்தேகம்தான். குரல் போன ஒருத்தி ஒரு காட்சியிலாவது அழ வேண்டாமா? அக்கா வீட்டுக்காரர் மாமாவுக்குப் போன் செய்து விசாரித்தேன். "அழுகையா? டாக்டர் அவளைப் பார்த்து 'சத்தம் போட்டுப் பேசாதீங்க'ன்னு சொன்னாருப்பா. அதைக் கேட்டு நான்தான் சிரிச்சுட்டேன். அதுக்கு இன்னும் வாங்கிக் கட்டிக்கிறேன்" என்றார். வாசகர்களே, இதை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் உருக்கமாக எழுதுவது?

அக்கா வலது பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். "இது ஓடுதா?"

"ஒரு பக்கம்தான்."

"எனக்கு ஒரு பக்கம் போதும். எடு, கிளம்பு."

3 (மறுபடியும், முன்னது கொஞ்சம் நீண்டுவிட்டது)

இடது பெட்டியை என்ன செய்வது என்று கேட்டேன். அதை வைத்து நான் எழுதியிருந்தது: 'மௌனத்தின் —' அதற்குள் அக்கா ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பெட்டியைப் பிரித்துவிட்டாள். உள்ளே வட்டமாக ஒரு காந்தம். அதைத் துணியில் சுற்றி முடிந்துகொண்டாள். "வகுப்புத் தரையில குண்டூசியா கொட்டிக் கிடக்கு. இதைத் தரையோட இழுத்தா எல்லாம் ஒட்டிக்கும்." மௌனத்தைப் பற்றி நான் எழுதவிருந்த மூன்று பத்திகள் அத்தோடு போயின.

4

வியாழக்கிழமை மத்தியானம் ஹாலுக்குப் போனோம். அக்காவின் காலரில் சின்ன மைக்கைக் குத்தினேன். மைக்கை நேராக ஸ்பீக்கரில் செருகினால் கொசு பாடுவதுபோல்தான் வந்தது. அதனால் நடுவில் என் பழைய போனை வைத்தேன். மைக்கில் பேசுவதைப் பெரிதாக்கி வெளியே அனுப்ப ஒரு ஆப் இருக்கிறது. பெட்டியைத் துணி வெட்டும் மேசைமேல், கம்ப்யூட்டர் பக்கத்தில் வைப்பதுபோலவே, உட்காருகிறவரின் முகத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாக வைத்தது.

அக்கா வாயைத் திறந்ததுதான் தாமதம், பெட்டி 'கூ'வென்று ஊளையிட்டது. காதைப் பொத்திக்கொண்டோம். சத்தத்தைக் குறைத்தால் ஊளை நின்றது, பின்வரிசைக்குக் கேட்கவில்லை. கூட்டினால் கேட்பதற்குள் ஊளை. அங்கே ஒரு மாணவி தைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். வகுப்பில் அவளுக்குப் பெயரே 'சந்தேகம்'.

"டீச்சர், ஒரு சந்தேகம். சத்தம் வருது, வார்த்தை வரலையே?"

நான் திருகோடு மல்லுக்கட்டினேன். போனை மாற்றினேன், வயரை மாற்றினேன், மின்சாரத்தின்மேல் பழி போட்டேன். அக்கா கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டேய், இது யாரைப் பார்த்து இருக்கு?"

"உன்னை."

"நான் பேசுறது எனக்கே எதுக்குடா கேட்கணும்?"

பெட்டி அவளுடைய சத்தத்தை அவளுடைய மைக்கிலேயே திருப்பி ஊற்றிக்கொண்டிருந்தது, ஊளையிடாமல் என்ன செய்யும்? வயரோடு இன்னொரு வயரைச் சேர்த்து, பெட்டியை ஹாலின் நடுவே ஒரு ஸ்டூலில் வைத்தோம். அதன் முதுகு அக்காவுக்கு, முகம் பின்வரிசைக்கு. ஊளை போயே போச்சு. அவள் பேச, ஒரு கணம் பிந்திப் பெட்டி பேசியது.

"யாரோ ஒருத்தி என் பின்னாடியே திரும்பச் சொல்ற மாதிரி இருக்கு," என்றாள் அக்கா. "இருக்கட்டும், பழகிக்கிறேன்."

திரும்பி வரும் வழியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீ கதையும் இப்படித்தான் எழுதறே. எல்லாம் உன் மூஞ்சியைப் பார்த்துத்தான் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது.

5

(இந்தப் பகுதியை அக்கா அடித்துவிட்டாள். அவளுடைய பொறுமையைப் பற்றி இருந்தது. "எனக்கு ஏதுடா பொறுமை?" என்றாள்.)

6

வெள்ளிக்கிழமைக்கு முன்பே மூன்று முடிவுகள் தயார் செய்துவிட்டேன்.

ஒன்று: ஓனரம்மா கண் கலங்கிக் கைதட்டுகிறார். அக்காவின் தீர்ப்பு: "அவங்களாவது, அழுறதாவது!"

இரண்டு: நடுவில் பெட்டி புகைந்து அணைகிறது, அந்த அதிர்ச்சியில் அக்காவின் சொந்தக் குரல் திரும்புகிறது. "டாக்டரால முடியாதது உன்னால முடியுதா? பலே."

மூன்று: யாருக்கும் கேட்கவில்லை. அக்கா பெட்டியை மார்போடு அணைத்து மழையில் நடந்து போகிறாள். "மழை எதுக்கு? இது வெயில் காலம். அப்புறம் நான் எதுக்கு நடக்கணும்? கேட்கலைன்னா இன்னும் ரெண்டடி பின்னாடி தள்ளி வைப்பேன், அவ்வளவுதான்."

நான் மூன்றையும் கிழித்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை நானும் போனேன், வயர் செருக ஆள் வேண்டுமே. பின்வரிசையின் கடைசி மெஷினில் ஓனரம்மா உட்கார்ந்தார். சும்மா உட்காரவில்லை, ஒரு தலையணை உறையை எடுத்து விறுவிறுவென்று ஓரம் அடிக்க ஆரம்பித்தார். எட்டு மெஷினும் முழு வேகத்தில் ஓடின. தரையே அதிர்ந்தது. அக்கா மட்டும் அசையவில்லை. கழுத்துத் தழும்பை மறைக்கும் துணியைக்கூட அன்று அவள் கட்டிவரவில்லை. கத்தவும் முயலவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்:

"எல்லாரும் மெஷின்லேருந்து காலை எடுங்க."

ஒரு கணம் பிந்திப் பெட்டி அதையே சொன்னது.

ஏழு மெஷின்கள் நின்றன. கடைசி மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

கேட்கவில்லையா, தையலில் லயித்துவிட்டாரா, வேண்டுமென்றேவா? என் கை திருகின்மேல் போனது. அக்கா 'தொடாதே' என்று கையைக் காட்டினாள். பிறகு அதே அளவில், அதே நிதானத்தில், இரண்டாவது தடவை சொன்னாள்.

அதற்கு மேல் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். எழுதத்தான் போனேன். அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டுச்சா இல்லையான்னு நீ யாருடா சொல்றது? பின்னாடி உட்கார்ந்திருக்கறவங்க சொல்லட்டும்."

சரி. ஓனரம்மாவை எழுப்பிவிட்டு, அந்தக் கடைசி மெஷினில் உங்களை உட்கார வைக்கிறேன். ஊசி இறங்கி ஏறுகிறது. துணியைத் தள்ளும் உங்கள் ஆள்காட்டி விரல் அதற்குக் கொஞ்சம் கிட்டேதான் இருக்கிறது. சுற்றிலும் மற்ற மெஷின்கள் எல்லாம் நின்றாயிற்று. முன்னால் ஒரு பெண் மூன்றாவது தடவைக்கு மூச்சை இழுக்கிறாள். நான்காவது தடவையும் சொல்வாள், எனக்கு அவளைத் தெரியும். ஆனால் விரல் உங்களுடையது.

காலை எடுங்கள்.